பத்தடி உயரத்தில் ஒரு உத்தியோகம்!

திண்டுக்கல்லில் இறங்க வேண்டியவர்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸில் தூங்கவே கூடாது. ஊரே இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் விடியற்காலையில் வண்டி வந்து நிற்கும். கொஞ்சம் கண் அசந்தால் மதுரைதான். மீனாட்சி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பி வர வேண்டும். நான் இரண்டு முறை அப்படிக் கும்பிட்டிருக்கிறேன்.

இந்தத் தடவை தூக்கமே வரவில்லை. காரணம், அக்கா போனில் சொன்ன விஷயம்.

"நீ வந்து அவன்கிட்ட பேசுடா. பந்து பந்துன்னு நிக்கிறான். நீ சொன்னாத்தான் கேப்பான்."

அவன் என்பது அக்கா மகன். பிளஸ் டூ முடித்துவிட்டான். நல்ல மார்க். ஆறடி மூன்று அங்குலம். போன வருஷம் வரை வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டிருந்தான். இப்போது குனிந்து வரப் பழகிவிட்டான். சென்னையில் ஒரு காலேஜ், பாஸ்கெட்பால் கோட்டாவில் பி.காம். சீட் தருகிறேன் என்கிறது. ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அக்காவோ இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு ஃபைல் வாங்கி, அதற்கு ஒரு மஞ்சள் பொட்டும் வைத்துவிட்டாள்.

சரி, என்னை ஏன் கூப்பிட்டாள்? நானும் ஒரு காலத்தில் பாஸ்கெட்பால் ஆடியவன். ஆடியவன் என்றால்... காலேஜ் டீமில் பன்னிரண்டாவது ஆள். டீமில் மொத்தமே பன்னிரண்டு பேர்தான். மூன்று வருஷத்தில் நான் களத்தில் நின்ற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், ஒரு மசால் தோசை சாப்பிடும் நேரம் வரும். மற்ற நேரமெல்லாம் பெஞ்சைத் தேய்த்தேன். அப்புறம் பரீட்சை எழுதி, இன்றுவரை ஆபீசில் நாற்காலியைத் தேய்க்கிறேன்.

பந்தை நம்பிப் பிழைக்க முடியாது என்பதற்கு நடமாடும் சாட்சி தேவைப்பட்டது. அக்கா தன் தம்பியைத் தேர்ந்தெடுத்துவிட்டாள்!

* * *

காலை ஐந்தரைக்கு மருமகன் பைக்கை எடுத்தான்.

"வாங்க மாமா, கோர்ட்டுக்குப் போவோம்."

"எந்தக் கோர்ட்டுடா? சிவிலா, கிரிமினலா?"

சிரிக்கவில்லை. இந்தத் தலைமுறைக்கு நகைச்சுவை உணர்ச்சி கம்மி.

நாகல் நகர் மேம்பாலம் தாண்டும்போது மலைக்கோட்டை லேசாக வெளுத்துக்கொண்டிருந்தது. திண்டு போல ஒரு கல். அதனால்தான் ஊருக்கே அந்தப் பெயர். நாயக்கர்கள், ஹைதர் அலி, திப்பு, வெள்ளைக்காரன் என்று எல்லோரும் இந்தத் திண்டில் சாய்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஊருக்கு மிஞ்சியது பூட்டு, புகையிலை, பிரியாணி. இப்போது நான்காவதாக கிரிக்கெட். நத்தம் பக்கம் என்.பி.ஆர். காலேஜ் மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் மேட்ச் நடக்கிறது. 2024-ல் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் கோப்பையே வாங்கிவிட்டது. இந்த ஊரில் ஒரு பையன் கிரிக்கெட் மட்டையோடு போனால், 'நல்லா வருவான்' என்கிறார்கள். பெரிய பந்தோடு போனால், 'இது வாலிபாலா தம்பி?' என்று கேட்கிறார்கள்.

கோர்ட் என்பது ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இருக்கும் சிமென்ட் தரை. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பம், பலகை, வளையம். ஒரு வளையத்தில் வலை இருந்தது. இன்னொன்றில் வலை இருந்த ஞாபகம் மட்டும் இருந்தது. பதினைந்து பையன்கள் ஏற்கெனவே வேர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.

வளையத்தின் உயரம் பத்தடி. 3.05 மீட்டர். அமெரிக்காவிலும் பத்தடிதான், திண்டுக்கல்லிலும் பத்தடிதான். 1891-ல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் பையன்கள் உள்ளேயே ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று இரண்டு பீச் பழக்கூடைகளை மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். மாடி பத்தடி உயரத்தில் இருந்தது. அவ்வளவுதான் காரணம். நெய்ஸ்மித் வேலை பார்த்தது ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். அந்த ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே விளையாட்டு இந்தியாவுக்கும் வந்தது. 1920-ல் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் உடற்கல்விக் கல்லூரி ஆரம்பித்தார். அங்கே படித்த டிரில் மாஸ்டர்கள் ஊர் ஊராகப் போய்க் கம்பம் நட்டார்கள்.

வளையம் உலகம் முழுக்க ஒன்றுதான். கீழே இருக்கும் தரைதான் வேறு. அங்கே மரத்தரை. குதித்து இறங்கினால் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இங்கே சிமென்ட். குதிப்பதை எல்லாம் முட்டிதான் வாங்கிக்கொள்ள வேண்டும். மருமகன் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை குதித்தான் என்று எண்ண ஆரம்பித்து, நூற்றுச் சொச்சத்தில் விட்டுவிட்டேன். எனக்கு முட்டி வலித்தது.

* * *

டீக்கடையில் என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். ரயிலில் தயார் செய்தது.

"சத்னாம் சிங் தெரியுமாடா?"

"தெரியும் மாமா."

தெரிந்தாலும் விடுவேனா? பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமம். விவசாயி வீட்டுப் பிள்ளை. உயரம் ஏழடி இரண்டு அங்குலம். 2010-ல், பதினான்கு வயதில், உதவித்தொகையில் அமெரிக்காவுக்குப் போனான். 2015-ல் என்.பி.ஏ. டிராஃப்டில் அறுபது பேரை எடுத்தார்கள். அதில் 52-வது ஆளாக டல்லாஸ் மேவரிக்ஸ் அவனைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் இந்தியன். பேப்பரில் எல்லாம் முதல் பக்கம்.

"அப்புறம் என்ன ஆச்சு? என்.பி.ஏ. சீசனில் ஒரு மேட்ச் கூட ஆடலை. டல்லாஸின் சின்ன டீமில் ரெண்டு வருஷம். திரும்பி வந்தான். ஊக்கமருந்து டெஸ்டில் மாட்டி, 2020-ல் ரெண்டு வருஷம் தடை. இப்ப அமெரிக்காவில் மல்யுத்த ஷோவில் இருக்கான். ஏழடி ரெண்டு அங்குலத்துக்கே இந்தக் கதி. நீ ஆறடி மூணு."

அவன் டீயை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னான்: "மக்ஸி போக்ஸ் அஞ்சடி மூணு அங்குலம் மாமா. 1987-லேர்ந்து 2001 வரைக்கும் பதினாலு சீசன் என்.பி.ஏ.ல ஆடினாரு."

ஐந்தடி நான்கு அங்குலத்தில் இருக்கும் எனக்கு இந்தத் தகவல் முப்பது வருஷம் லேட்டாகக் கிடைத்தது.

"ஆனா நான் என்.பி.ஏ. போறேன்னு யார் சொன்னா? நான் பேங்க்குக்குப் போறேன்."

"என்னது?"

"இன்னிக்கு ராத்திரி பெரியகுளத்துல மேட்ச். வந்து பாருங்க. பார்த்துட்டு நீங்க வேணாம்னு சொன்னா, இன்ஜினீயரிங் போறேன். சத்தியம்."

அக்கா என்னை அனுப்பியது அவனை மடக்க. அவன் என்னை மடக்கிவிட்டான்.

* * *

திண்டுக்கல் காமராஜர் பஸ் ஸ்டாண்டில் தேனி வண்டி ஏறினால் பெரியகுளம் இரண்டு மணி நேரம். மே மாத வெயிலில் ஜன்னலோர சீட் என்பது வரம் இல்லை, வறுவல். ஆனாலும் அந்த ரோடு பார்க்க வேண்டிய ரோடு. செம்பட்டி தாண்டும் வரை கட்டாந்தரையும் முள்ளுமாக வரும். அப்புறம் ஒரு தென்னந்தோப்பு தலைகாட்டும். வத்தலக்குண்டில் வண்டி நின்றால் வெற்றிலை வாசமும் கொடைக்கானல் டூரிஸ்டுகளும் சேர்ந்து ஏறுவார்கள். காட் ரோடு பிரிவில் டூரிஸ்டுகளின் கார்கள் வலது பக்கம் மலைக்குத் திரும்பிவிடும். நம் பஸ் மட்டும் மலை அடிவாரத்தை உரசிக்கொண்டே தேவதானப்பட்டி போகும். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மாந்தோப்பு. கிளைகள் காய்ப் பாரத்தில் ரோட்டைத் தொடுகின்றன.

பஸ்ஸில் மருமகன் எனக்குப் பாடம் எடுத்தான்.

"அனிதா பால்துரை கேள்விப்பட்டிருக்கீங்களா?"

சென்னைப் பெண். 2000-ல் இந்திய அணிக்குள் வந்தவர் 2017 வரை ஆடியிருக்கிறார். பத்தொன்பது வயதில் கேப்டன். ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளில் தொடர்ந்து ஒன்பது தடவை ஆடிய சாதனை அவருடையது. தேசியப் போட்டிகளில் முப்பது பதக்கம். கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகும் திரும்பி வந்து ஆடினார். 2017-ல் பெங்களூருவில் ஆசியக் கோப்பையின் பி பிரிவை, கஜகஸ்தானை ஜெயித்து, இந்தியா வென்றபோது கேப்டன் அவர்தான். 2021-ல் பத்மஸ்ரீ.

"இவ்வளவும் செய்தவருக்கு உத்தியோகம் என்ன தெரியுமா? தெற்கு ரயில்வே."

கேரளத்துப் பெண் கீத்து அன்னா ஜோஸும் அப்படியே. சென்னையில் தெற்கு ரயில்வே வேலை. 2006-ல் ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் கிளப்புக்கு ஆடப் போனார். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீகில் மூன்று அணிகளின் தேர்வுக்கு அழைக்கப்பட்டார். அங்கே இடம் கிடைக்கவில்லை. திரும்பி வர ஒரு ரயில்வே வேலை இருந்தது.

"சத்னாமுக்கு வளையம் மட்டும்தான் இருந்துச்சு மாமா. இவங்களுக்குக் கீழே வலையும் இருந்துச்சு. வித்தியாசம் அதுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசுவது பதினேழு வயதுப் பையனா, எல்.ஐ.சி. ஏஜென்ட்டா?

* * *

பெரியகுளத்தில் இறங்கியதும் காற்றிலேயே மாம்பழ வாசம். இந்த ஊரில் சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று ஒன்று. கோடை வந்தால் அகில இந்திய பாஸ்கெட்பால் போட்டி நடத்துகிறார்கள். நேற்று இன்று இல்லை, தலைமுறை தலைமுறையாக. மற்ற ஊர்களில் சித்திரைக்குத் தேர் இழுப்பார்கள். இங்கே அதோடு சேர்த்துப் பந்தும் போடுகிறார்கள்.

ராத்திரி. ஃபிளட் லைட். சுற்றிலும் காலரியில் கூட்டம். வேட்டி கட்டிய பெரியவர்கள், இடுப்பில் பிள்ளையோடு அம்மாக்கள், மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடி தூவி விற்கும் பையன். என் பக்கத்தில் ஒரு தாத்தா. எழுபதுக்கு மேல் இருக்கும். ஒரு வீரர் பந்தோடு நடந்துவிட்டார். நடுவர் விசில் ஊதுவதற்கு முன்னால் தாத்தா, "டிராவல்!" என்று கத்தினார். மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார்ந்த எனக்கு அது தெரியவில்லை.

ஆட வந்த டீம்களைப் பார்த்தால் ஒரு ஊரின் அரசு அலுவலகப் பட்டியலைப் படிப்பது போல இருந்தது. பேங்க், ரயில்வே, ராணுவம், கடற்படை, விமானப்படை, போலீஸ், மின்வாரியம். அமெரிக்காவில் டீம்களுக்குக் காளை, கரடி, ஓநாய் என்று பெயர். நம் ஊரில் டிபார்ட்மென்ட் பெயர்.

அன்றைக்கு ஒரு பேங்க் டீமும் ஒரு பட்டாளத்து டீமும். பத்துப் பத்து நிமிஷமாக நாலு கால் பகுதி. பந்து கைக்கு வந்தால் இருபத்துநாலு வினாடிக்குள் வளையத்துக்கு எறிந்தாக வேண்டும். கடைசி இரண்டு நிமிஷம் நான் உட்காரவே இல்லை. ஒரு புள்ளி முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டே போனது. பேங்க் டீமில் கொஞ்சம் முடி கொட்டிய ஒருவர், இரண்டு முட்டியிலும் பட்டை போட்டவர், ஓடாமல் நடந்தே ஆடிக்கொண்டிருந்தார். மணி அடிக்க மூன்று வினாடி இருக்கும்போது கோட்டுக்கு வெளியே நின்று, அலட்டிக்கொள்ளாமல் ஒன்றை எறிந்தார். வளையத்தைக்கூடத் தொடாமல் வலை மட்டும் 'ஸ்ஸ்க்' என்றது. தாத்தா என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார்.

மருமகன் மட்டும் கை தட்டவில்லை. அவர் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

* * *

மேட்ச் முடிந்ததும் மைதானத்துக்கு வெளியே அவரைப் பிடித்தோம். ஐஸ் கட்டியை முட்டியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். முப்பத்து நாலு வயசாம். மருமகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊரு தம்பி?"

"திண்டுக்கல்ண்ணே."

"சிமென்ட் கோர்ட்டா?"

"ஆமாண்ணே."

"நல்ல ஷூ வாங்கு. சாப்பாட்டைக் குறைச்சாலும் பரவாயில்லை, ஷூவைக் குறைக்காதே."

நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். "சார், இதை நம்பிப் பிழைக்க முடியுமா?"

அவர் சிரித்தார். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். காலேஜ் கோட்டா. அப்புறம் ஒரு டீமில் மாத உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஆட்டம். அப்போது அது வேலை இல்லை. முட்டி போனால் உதவித்தொகையும் போகும். இருபத்திரண்டில் கிளார்க் ஆர்டர் வந்தது. காலையில் பயிற்சி, மத்தியானம் வரை கவுன்டர், சாயங்காலம் மறுபடி பயிற்சி. போட்டிக்குப் போனால் 'ஆன் டூட்டி'. இருபத்தெட்டில் முட்டிக்குள் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன். ஒரு வருஷம் வெறும் கவுன்டர்.

"கூட ஆடின பன்னிரண்டு பேர்ல வேலை கிடைச்சது நாலு பேருக்கு. மத்தவங்க என்னைவிட மோசமா ஆடினவங்க இல்லை சார். அந்த வருஷம் எடுத்தது நாலு பேர்தான். இருபத்துநாலு செகண்டுக்குள்ள பந்தைப் போடணும்னு ரூல் இருக்குல்ல? அதே மாதிரிதான். இருபத்துநாலு வயசுக்குள்ள ஆர்டர் வாங்கிடணும். இல்லேன்னா பந்து அடுத்தவன் கைக்குப் போயிடும்."

"லீக் எல்லாம் வருதே?"

"வரும். 2015-ல ஒண்ணு வந்துச்சு, 2017-க்கு அப்புறம் காணோம். 2022-ல இன்னொண்ணு வந்திருக்கு. நல்லா வரட்டும். நாம அதை நம்பி வீட்டுக் கடன் வாங்க முடியாது."

2014-ல் வூஹானில் ஆசியக் கோப்பையில் இந்தியா சீனாவை 65-58 என்று அடித்ததே, அது பற்றிக் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "அன்னிக்கு ராத்திரி நாங்க யாரும் தூங்கலை சார். மறுநாள் கவுன்டர்ல ஒரு கஸ்டமர்கூட அதைப் பத்திக் கேக்கலை."

சும்மா இருந்தார். அப்புறம் மருமகனிடம் சொன்னார்:

"தம்பி, பத்துப் பதினஞ்சு வருஷம் பந்து. அதுக்கப்புறம் இருபத்தஞ்சு வருஷம் லெட்ஜர். எல்லாரும் முதல் பகுதிக்குத்தான் பிராக்டிஸ் பண்றாங்க. நான் முப்பத்தோரு வயசுல புரமோஷன் பரீட்சைக்குப் படிச்சேன். டெபிட், கிரெடிட் தெரியாம அழுகையே வந்துச்சு. நீ பி.காமை ஒழுங்காப் படி. மூணு வருஷமும் கிளாஸ்ல உட்காரு."

மருமகன் தலையாட்டினான். காலையிலிருந்து நான் பேசிய எதற்கும் அவன் அப்படித் தலையாட்டவில்லை.

* * *

கடைசி பஸ்ஸில் திண்டுக்கல் வந்து சேர்ந்தபோது நடுநிசி தாண்டிவிட்டது. மச்சான் பட்டறையில் விளக்குப் போட்டு உட்கார்ந்து, ஒரு பூட்டுக்குள் நெம்புகோலை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். தூக்கம் வராவிட்டால் அவர் செய்கிற காரியம் அதுதான். பூட்டுத்தொழில் எப்படி என்று கேட்டேன்.

"2019-ல புவிசார் குறியீடு வந்துச்சு மாப்ளே. ஆர்டர்தான் வரலை. அலிகார்ல மெஷின்ல தட்டி அனுப்புறான். நம்ம கை அவன் விலைக்குக் கட்டுமா? என் கையில அம்புட்டு வித்தை இருக்கு. வித்தை மட்டும் சோறு போட்டிருந்தா, இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பேன்." அரத்தைக் கீழே வைத்தார். "அதுக்குத்தான் அக்கா பயப்படுறா. எனக்கு ஆன மாதிரி அவனுக்கும் ஆயிடக் கூடாதுன்னு."

அக்கா கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. பார்த்ததை எல்லாம் சொன்னேன். முட்டியில் ஐஸ் வைத்தவர், பன்னிரண்டில் நாலு, சிமென்ட் தரை, கவுன்டர். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதையும் சொன்னேன். அதற்கும் பரீட்சையைவிடக் கடுமையான போட்டி இருப்பதையும் சொன்னேன்.

"இன்ஜினீயரிங் படிச்சா வேலை நிச்சயமாடா?" என்று அக்கா கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்தத் தெருவிலேயே இரண்டு இன்ஜினீயர்கள் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறார்கள்.

மச்சான் முடித்த பூட்டை என் கையில் வைத்தார். கனமாக இருந்தது. ஒரு வளையத்தில் கோத்த இரண்டு சாவிகள்.

"திண்டுக்கல் பூட்டுக்கு எப்பவும் ரெண்டு சாவி கொடுப்போம் மாப்ளே. ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு. அவன் பந்து ஒரு சாவி. பி.காம். ஒரு சாவி. ரெண்டையும் தொலைக்க மாட்டேன்னு சொல்லச் சொல்லுங்க, அனுப்புறேன். ஒரு அரியர் வந்தாலும் பந்தைப் பட்டறையில வச்சுப் பூட்டிடுவேன்."

மருமகன் வாசல் நிலையில் நின்றிருந்தான். "தொலைக்க மாட்டேன்பா," என்றான். சொல்லிவிட்டு வேகமாக உள்ளே வந்தவன், குனிய மறந்து நிலையில் 'டங்'கென்று இடித்துக்கொண்டான். அக்காதான் முதலில் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேங்காய் எண்ணெய் எடுக்கப் போனாள். இன்ஜினீயரிங் ஃபைலை அவள் தூக்கிப் போடவில்லை. பீரோவில் வைத்திருக்கிறாள். மூன்றாவது சாவி!

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பும் முன் மருமகன் என்னை மறுபடி சிமென்ட் கோர்ட்டுக்கு இழுத்துப் போனான். பந்தைக் கையில் கொடுத்து, "ஒரு ஷாட் போடுங்க மாமா," என்றான். இருபத்துநாலு வினாடி எல்லாம் பார்க்காமல், நிதானமாக ஒரு நிமிஷம் குறி பார்த்துப் போட்டேன். பந்து வளையத்துக்கு ஒரு அடி கீழே, கம்பத்தில் பட்டுத் திரும்பி என் மேலேயே வந்து விழுந்தது. பதினைந்து பையன்களும் கை தட்டினார்கள். ஆக, என் விளையாட்டு வாழ்க்கையில் மேலும் ஒரு நிமிஷம் சேர்ந்தது.

ராத்திரி ரயிலில் பெட்டியைப் பூட்ட மச்சான் கொடுத்த பூட்டையே போட்டேன். ஒரு சாவி சட்டைப் பையில், இன்னொன்று பர்சில். எழும்பூர் கடைசி ஸ்டேஷன்தானே... நிம்மதியாகத் தூங்கினேன்.